பாம்பும் குழந்தையின் கேள்வியும்

நமது கிராமங்களில் ஒரு குழந்தை வேலியோரத்தில் பாம்பு ஒன்றைக் கண்டு, "அது என்ன பாம்பு? எங்கே போகிறது? எதைத் தின்னும்?" என்று கேட்குமானால், அதற்குக் கிடைக்கும் பதில் மூன்று விதந்தான். ஒன்று, தடி எடுத்து வந்து பாம்பை அடித்துக் கொன்றுவிட்டு, "இனி அந்தப் பக்கம் போனால் காலை முறிப்பேன்" என்று குழந்தையையும் அதட்டி உள்ளே விரட்டுவது. இரண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அது சாமியடா! கண்ணை மூடிக் கும்பிடு" என்பது. மூன்று, விளக்கு வைத்த நேரமாயிருந்தால், "பாம்பு என்று பேர் சொல்லாதே, பூச்சி என்று சொல்" என்று வாயைப் பொத்துவது. இம்மூன்றிலும் குழந்தை கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். அடியும், கும்பிடும், வாய்ப்பூட்டுந்தான் கிடைக்கின்றன.

சாதி ஒழிப்பையும் பெண் விடுதலையையும் பேச வேண்டிய ஒரு பத்திரிகை பாம்பையும் பல்லியையும் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக் கூடும். அவர்களுக்கு முதலில் ஒரு கணக்கைச் சொல்லி விடுகின்றோம். 2000 முதல் 2019 வரையுள்ள 20 வருஷங்களில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்றும், அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்றும், 2020 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கண்டிருக்கின்றது. அவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பெரும்பாலும் நாட்டுப்புறத்தில், தங்கள் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் கடிபட்டவர்கள். மாளிகைவாசிகளும் மடாதிபதிகளும் இந்தக் கணக்கில் வருவதில்லை. வெறுங்காலோடு வரப்பில் நடப்பவனும், விறகுக் கட்டைத் தூக்குகிறவளும், குடிசைத் தரையில் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளையுமே வருகிறார்கள். ஏழையின் பிள்ளை வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் சாகின்ற ஒரு காரியம் நமது இயக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது என்றால், பின் எதுதான் சம்பந்தமுள்ளது என்று கேட்கின்றோம்.

இந்தச் சாவுக்கு விஷம் ஒரு காரணம். அறியாமை மற்றொரு காரணம். விஷத்துக்கு மருந்து 1890களிலேயே கண்டுபிடிக்கப்பட்டு விட்டது. அறியாமைக்குத்தான் இன்னும் நாம் மருந்து கொடுக்கவில்லை.

உதாரணமாக, கட்டுவிரியனை எடுத்துக் கொள்ளுவோம். அது இராக் காலத்தில் நடமாடுவது. தரையில் படுத்துறங்குகிறவர்களைக் கடிப்பது. அதன் பல் மிகச் சிறியதானபடியால் பெரும்பாலும் கடித்த வலியும் தெரியாது, வீக்கமும் இராது, தழும்பும் கண்ணுக்குத் தெரியாது. விடியும்போது குழந்தை "வயிறு வலிக்குது அம்மா" என்று அழும். பிறகு கண்ணிமை தானாகச் சரியும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நின்றுபோகும். இந்த அடையாளங்களை அறிந்த தாய் உடனே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், பிள்ளையும் பிழைக்கும். அறியாத தாய் என்ன செய்வாள்? பேய் பிடித்தது, கண்ணேறு பட்டது என்று வேப்பிலை அடிக்கச் சொல்லுவாள். திருநீறு போடச் சொல்லுவாள். மந்திரக்காரன் உடுக்கை அடித்து முடிப்பதற்குள் பிள்ளை முடிந்து போகும். பிறகு "விதி" என்று ஒரு வார்த்தையைச் சொல்லி எல்லோரும் எழுந்து போவார்கள். விதியல்ல தோழர்களே! கட்டுவிரியன் என்னும் ஒரு பிராணியின் குணத்தை அந்த ஊரில் ஒருவரும் ஒருநாளும் குழந்தைப் பருவத்தில் கேட்டறியாததே அந்தச் சாவுக்குக் காரணம்.

"பாம்பென்று பேர் சொல்லாதே" என்ற வழக்கத்தின் பலனையும் இங்கே பாருங்கள். கடிபட்டவனை வைத்தியரிடம் கொண்டுபோய், "பூச்சி கடித்துவிட்டது" என்று சொன்னால் வைத்தியர் எதை எண்ணுவார்? வண்டா, தேளா, நாகமா? பெயர் சொல்லப் பயந்தவர்கள் உயிரைக் காக்கும் நேரத்திலும் பெயரைச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

நிற்க, "எங்கள் ஊர் மந்திரக்காரர் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறாரே, அதற்கென்ன சொல்லுகிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். சொல்லுகின்றோம். இந்தியாவிலுள்ள பாம்பு வகைகள் 300க்கு மேற்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை மனிதனைக் கொல்லக்கூடிய விஷமில்லாதவை. சாவுகளில் மிகப் பெரும் பகுதிக்குக் காரணமானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கே. இந்த நான்குங்கூடச் சில சமயங்களில் விஷத்தை இறக்காமல் வெறுங்கடி கடிப்பதுண்டு. ஆகவே கடிபட்டு வருகிற பத்துப் பேரில் பலர் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். அந்தப் பிழைப்பெல்லாம் மந்திரத்தின் வரவில் எழுதப்படுகின்றது. விஷம் ஏறிச் செத்தவர்கள் மட்டும் விதியின் செலவில் எழுதப்படுகிறார்கள். இப்படி வரவு ஒருவன் பேரிலும் செலவு மற்றொருவன் பேரிலும் எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்த மளிகைக் கடைக்காரராவது ஒருநாள் வைத்திருப்பாரா? மந்திரக்காரனை மட்டும் தலைமுறை தலைமுறையாய் வைத்திருக்கிறோம்.

இனி, பாம்பைச் சாமி என்பவர்களின் யோக்கியதையைச் சிறிது பார்ப்போம். ஒரு சாமி பாம்பின்மேல் படுத்திருக்கிறார். ஒரு சாமி பாம்பைக் கழுத்தில் சுற்றியிருக்கிறார். அரச மரத்தடியில் கல் நாகருக்கு மஞ்சளும் குங்குமமும் பூசப்படுகின்றது. ஆனால் அதே பக்தர் வீட்டுக்குள் உயிரோடு ஒரு பாம்பு நுழைந்துவிட்டால், "சாமி வந்தது" என்று உட்கார வைத்து உபசாரம் செய்கிறாரா? உலக்கையைத் தேடுகிறார். ஆமையும் அப்படியே. கடவுள் ஆமையாக அவதாரம் எடுத்தார் என்று புராணம் படிக்கிறவரே, "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று பழமொழியும் சொல்லுகிறார். அவதாரம் வீட்டுக்கு வந்தால் வீடு ஏன் கெட வேண்டும் என்று அவருடைய ஏழு வயதுப் பேத்தி கேட்டால் அவரிடம் என்ன பதில் இருக்கின்றது?

புற்றுக்குப் பால் ஊற்றுவதும் இத்தகையதே. "கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல" என்று பிறர் உழைப்பைத் தின்பவனை ஏசுவதற்கு நமது ஜனங்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். ஆகவே புற்றைக் கட்டியது கறையான் என்பதும், பாம்பு அதில் ஒண்ட வந்தது என்பதும் நமது ஜனங்களுக்கு நன்றாய்த் தெரியும். தெரிந்தும் ஆடி மாதம் வந்தால் அந்தப் புற்றுக்கே பாலும் முட்டையும்! பாம்பு, குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் ஜாதிப் பிராணியன்று. பால் அதற்கு உணவும் அன்று. எலி, தவளை, பல்லி, பறவை, முட்டை, மற்றப் பாம்பு, இவற்றைத்தான் அது தின்னும். மகுடிக்காரன் கூடைப் பாம்பு பால் குடிப்பதாய்க் காட்டுகிறானே என்றால், பல நாள் தண்ணீர் காட்டாமல் வாடவிட்ட பிராணி எந்த ஈரத்தையும் குடிக்கும். புற்றில் ஊற்றிய பால் பாம்புக்கும் போவதில்லை, பசித்த குழந்தைக்கும் போவதில்லை. கறையான் வீட்டைத்தான் நனைக்கின்றது.

இதில் பெண்களுக்கு நேரும் கொடுமையோ சொல்லுந்தரமன்று. ஜாதகத்தில் இராகு, கேது என்று இரண்டு பாம்புகளைப் புகுத்தி, "நாக தோஷம்" என்று பெயரிட்டு, எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் தட்டிப் போகின்றது! பரிகாரம் என்று காளத்திக்கும் திருநாகேசுவரத்துக்கும் எத்தனை குடும்பங்கள் கடன் வாங்கிச் செல்லுகின்றன! கிரகணம் என்பது பூமியின் நிழல் சந்திரன் மேலும், சந்திரனின் நிழல் பூமியின் மேலும் விழுவதேயன்றி வேறில்லை என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கின்றது. அங்கே நிழல் என்று படித்த பெண்ணே, வீட்டுக்கு வந்தவுடன், இல்லாத பாம்பு ஒன்றின் தோஷத்துக்காகத் தலை குனிந்து உட்கார வைக்கப்படுகிறாள். வேலியில் ஊரும் உண்மைப் பாம்பைப் பற்றிக் குழந்தைப் பருவத்தில் நன்றாய்க் கேட்டுத் தெரிந்துகொண்டவளை, கட்டத்தில் எழுதிய பொய்ப் பாம்பைக் காட்டிப் பயமுறுத்துவது அவ்வளவு சுலபமாயிராது.

கதைகளினால் பிராணிகளுக்கு நேரும் கொடுமையையும், அதைவிடக் குழந்தைகளின் மனத்துக்கு நேரும் கெடுதியையும் சொல்லாமல் விட முடியவில்லை. இராமனுக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். இந்தக் கதையைக் கேட்ட சிறுவர்கள் ஓணான் கழுத்தில் சுருக்கு மாட்டிக் கல்லால் அடித்துக் கொல்லுவதைத் தர்மமென்று நினைக்கிறார்கள். பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்று பிழைக்கிற ஓர் ஏழைப் பிராணியை, நடந்திராத குற்றத்துக்காக, அதன் இனம் முழுவதையும் தண்டிக்கச் சிறு பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறோம். பிறப்பினால் ஒருவன் குற்றவாளி என்ற பாடத்தை ஓணானிடத்தில் படித்தவன், பின்னால் சேரிக்காரனிடத்தில் அதையே நடத்திக் காட்டுவதில் என்ன ஆச்சரியம் இருக்கின்றது?

இன்னும் பாருங்கள். கொம்பேறி மூக்கன் மனிதனைக் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிகிறதா என்று பார்க்குமாம். அதுவோ மரத்தில் ஏறி ஓணானையும் தவளையையும் பிடிக்கிற விஷமற்ற பாம்பு. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்துமாம். அதன் விஷம் மனிதனை ஒன்றும் செய்யாத அளவு சொற்பமானது. மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலையாம். வால் மழுங்கியிருப்பதைக் கண்டு சொன்ன பேச்சை நம்பி, அதைத் திருட்டுத்தனமாய் லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாற்றுகிற கூட்டமும், ஏமாந்து சிறைக்குப் போகிற கூட்டமும் இன்றும் இருக்கின்றன. சாரையும் நாகமும் பிணைவதாய் நினைத்து வெள்ளைத் துணி போர்த்தி அதைப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறார்கள். அப்படிப் பின்னிக்கொண்டு எழுவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். பல்லி தலையில் விழுந்தால் சாவு என்று பஞ்சாங்கத்தில் அச்சடித்து, அந்தத் தோஷம் தீரக் காஞ்சிபுரத்துக் கோயில் கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் வைத்திருக்கிறார்கள். சுவரில் தலைகீழாய் நடக்கிற பிராணி எப்போதாவது ஒருதரம் பிடி தவறிக் கீழே விழுவதற்கு இவ்வளவு பெரிய சாஸ்திரமா?

இந்தப் பொய்களை எடுத்து விட்டால் குழந்தைக்குச் சுவாரஸ்யம் குறைந்துபோகும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். உண்மையே அதிக ஆச்சரியமுள்ளது. பாம்புக்குக் கண்ணிமை கிடையாது. ஆகவே அது கண் திறந்தபடியே தூங்குகின்றது. அதன் பிளந்த நாக்கு கொட்டுவதற்கல்ல. காற்றிலுள்ள வாசனையைத் தொட்டெடுத்து வாயின் மேலண்ணத்திலுள்ள உறுப்பில் சேர்ப்பதற்கு. அதற்கு வெளிக் காது இல்லை. தரையின் அதிர்ச்சியை உடம்பால் உணருகின்றது. மகுடிக்கு ஆடுகிறதென்று நாம் நினைப்பது, அசைகிற குழலைக் கண்ணால் தொடர்ந்து காவல் பார்ப்பதேயாகும். நாகம் முட்டையிடும், கண்ணாடி விரியன் குட்டி போடும். பல்லியின் கால் விரலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் ஏராளமாயிருப்பதால் அது கண்ணாடியிலும் ஏறும். வால் அறுந்தால் மறுபடி வளர்க்கும். கடலாமையின் முட்டை ஆணாவதும் பெண்ணாவதும் அது புதைந்திருக்கும் மணலின் சூட்டைப் பொறுத்தது. சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகள் அதிகம். ஆண் பிள்ளை வேண்டுமென்று நாகர் கல்லைச் சுற்றுகிறவர்கள் இதை ஒருதரம் யோசித்துப் பார்க்கட்டும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் ஒரு சங்கமாய்ச் சேர்ந்து, ஆமை முட்டையிடும் மாதங்களில் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமை புகுந்ததால் அந்தப் பிள்ளைகளில் யாருடைய வீடும் கெட்டுப் போனதாய்த் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர்களால்தான் உலகத்துக்கு நன்மை உண்டாயிற்று. கும்பெனி காலத்தில் விசாகப்பட்டினத்தில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல் என்ற வைத்தியர், இந்தக் கிழக்குக் கடற்கரைப் பாம்புகளை ஒவ்வொன்றாய் வாங்கிப் பார்த்து, ஊரார் சொன்ன பெயரையும் எழுதி, எது விஷமுள்ளது எது இல்லாதது என்று சோதித்து, 1796 ஆம் ஆண்டில் படங்களோடு ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். நமது கண்ணாடி விரியன் இன்று உலகம் முழுவதும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1890களில் கால்மெட் என்ற பிரெஞ்சு வைத்தியர் பிராணிகளின் உடலில் சிறிது சிறிதாய் விஷத்தை ஏற்றினால் அவற்றின் இரத்தத்தில் மாற்று உண்டாவதைக் கண்டு முறிமருந்துக்கு வழி செய்தார். ஆயிரக்கணக்கான வருஷங்களாய்ப் பாம்பைக் கும்பிட்டு வந்த நமது நாட்டில் எந்தக் குருக்களாவது, எந்தச் சாஸ்திரியாவது பாம்பு கடித்தவனுக்கு ஒரு சொட்டு மருந்து கண்டுபிடித்ததுண்டா?

ஆனால் பாம்பை உண்மையில் அறிந்தவர்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. அவர்கள் இருளர்கள். மண்ணில் கிடக்கும் தடத்தையும், உரித்துப் போட்ட சட்டையையும் பார்த்தே இன்ன பாம்பு இந்த வளையில் இருக்கிறதென்று சொல்லக் கூடியவர்கள். நாட்டின் வைத்தியத்துக்கு அவர்கள் செய்யும் உதவி சாமானியமன்று. 1978 ஆம் ஆண்டில் செங்கற்பட்டுப் பகுதியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி உயிரோடு விட்டுவிடுவது அதன் வேலை. அந்த விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித்தான் நான்கு பாம்புக்கும் பொதுவான முறிமருந்து தயாராகின்றது. கோயில் அர்ச்சகருக்கும் பாம்பு கடித்தால் இந்த மருந்துதான். அந்த நேரத்தில் அவர் உடம்பில் ஏறுவது தீண்டத்தகாதவரென்று தள்ளி வைக்கப்பட்டவர் கையால் எடுத்த விஷத்தின் மாற்று என்பதை யாரும் நினைப்பதில்லை. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது. விருது கொடுத்தது நல்லதே. ஆனால் இருளர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பாம்பைப் பற்றிப் பேச இடங்கொடுத்து, மற்றப் பிள்ளைகள் அதன் வாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுகிற நாள் வருமானால், அது அந்த விருதைவிடப் பெரிய மரியாதை என்போம்.

"குழந்தைக்குப் பாம்பின் மேல் ஆசையை உண்டாக்கினால், அது போய்ப் பிடித்துக் கடிபடாதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. பாம்பைப் பிடிக்கச் சொல்லவில்லை; பார்க்கவும் கேட்கவும்தான் சொல்லுகின்றோம். பாம்பைப் பிடிப்பதும் அடிப்பதும் 1972 ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். நெருப்பைப் பற்றி அறிந்த குழந்தை நெருப்பில் கை வைப்பதில்லை. அதுபோல, கண்ணாடி விரியன் சீறினால் என்ன அர்த்தம், நாகம் படம் எடுத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்த பிள்ளை பத்தடி பின்வாங்கி நின்று, பெரியவர்களைக் கூப்பிடும். ஒன்றும் தெரியாத பிள்ளைதான் கல்லெறியும். அல்லது பயந்து ஓடி இன்னொன்றை மிதிக்கும். நாம் அறிந்த வரையில் கடிபடுகிற பெரியவர்களிலும் பாம்பை அடிக்கப் போய்க் கடிபடுகிறவர்கள் உண்டு.

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் செய்யத்தக்கவை இவை. குழந்தை கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "தெரியாது, இருவரும் விசாரிப்போம்" என்று சொல்லுங்கள். கொல்லும் பாம்பு நான்கின் படத்தையும், அவற்றோடு குழப்பிக்கொள்ளும் சாரை, தண்ணீர்ப் பாம்பு, ஓலைப் பாம்பு ஆகியவற்றின் படத்தையும் வகுப்பில் மாட்டுங்கள். சென்னைக்கு வரும் பிள்ளைகளைக் கோயில் கோபுரத்துக்கு மட்டும் அழைத்துச் செல்லாமல், 1972 இல் கிண்டியில் ஏற்பட்ட பாம்புப் பண்ணைக்கும், 1976 இல் மாமல்லபுரம் சாலையில் ஏற்பட்ட முதலைப் பண்ணைக்கும் அழைத்துச் செல்லுங்கள். இருட்டில் விளக்கில்லாமல் நடக்காதே, பொந்தில் கை விடாதே, தரையில் படுக்காதே, படுத்தால் கொசுவலையை நன்றாய்ப் பாயின் கீழ் செருகிக்கொள் என்பவற்றை, திருப்பாவைக்குப் பதிலாய் மனப்பாடம் செய்விக்கலாம். பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது குப்பைக்கும் சிந்திய தானியத்துக்குமாக. ஆதலால் குப்பையை அகற்றுவது நூறு நாக பூசைக்குச் சமானம்.

கடிபட்டால் செய்ய வேண்டியதையும் ஒவ்வொரு பிள்ளையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, விஷக்கல் வைக்காதே, மந்திரக்காரனிடம் போகாதே. கடிபட்ட கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமல் வைத்து, 108க்குச் சொல்லி, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. அங்கே வைத்தியர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்துப் பார்ப்பார். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறதென்று அறிந்து மருந்து ஏற்றுவார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கக் கூடிய இந்தச் சோதனை எந்த மந்திரத்தைவிடத் தாழ்ந்தது?

சர்க்காரும் இப்போதுதான் விழித்துக்கொண்டு வருகின்றது. பாம்புக் கடிச் சாவுகளை 2030க்குள் பாதியாய்க் குறைப்பதென்று 2024 ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் ஒரு திட்டம் வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் மருந்து ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. கடிபட்டவன் அங்கே வந்து சேர வேண்டும். அவனைக் கோயில் வாசலில் நிறுத்தி வைக்கிற மூட நம்பிக்கையை எந்த ஆஸ்பத்திரி அலமாரியும் குணப்படுத்தாது. அது நமது வேலை. விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரிக்கும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976 ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கடமையை எங்கே தொடங்குவது என்று தேடித் திரிய வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை சுவரிலுள்ள பல்லியைக் காட்டி "அது ஏன் விழவில்லை?" என்று கேட்கும்போதே தொடங்கலாம்.

ஆகையால் நமது கிளைக் கழகத் தோழர்கள் வருகிற மழைக் காலத்துக்கு முன், தங்கள் தங்கள் ஊரில் ஒரு கூட்டமாவது இதற்கென்று கூட்ட வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரையும், அந்தப் பகுதியில் இருளர் இருந்தால் ஒரு பெரியவரையும் மேடையில் சமமாய் உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டும். முன் வரிசையைப் பெரிய மனிதர்களுக்கு விடாமல் குழந்தைகளுக்கு விட வேண்டும். அவர்கள் கேட்கிற கேள்வி எதுவானாலும், "சீ, உட்கார்" என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்ட ஒரு பிள்ளை, ஒரு விடியற்காலத்தில் தன் தங்கையின் கண்ணிமை சரிவதைக் கண்டு, "இது கட்டுவிரியன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்லுமானால், நாம் போட்ட கூட்டத்துக்கு அதைவிட வேறு பலன் வேண்டியதில்லை.